நரம்பு வழியே நகரும் தோல் புற்றுநோய்: காட்டிக்கொடுக்கும் மூலக்கூறு எங்கே இருக்கிறது?

கன்னத்தில் எறும்பு ஊர்வது மாதிரி ஓர் உணர்வு. தடவிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. சில மாதங்களில் அந்த இடம் மரத்துப் போகும். அப்புறம் வாயின் ஓரம் மெல்லக் கோணும். முகவாதம் என்று மாத்திரை கிடைக்கும், அல்லது ட்ரைஜெமினல் நரம்பு வலி என்று சொல்லி அனுப்புவார்கள். ஒன்றிரண்டு வருடத்துக்கு முன் நெற்றியிலோ கன்னத்திலோ ஒரு சின்னப் புண்ணை வெட்டி எடுத்தது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. சாதாரண முகவாதம் ஓரிரு நாளில் வந்து, பெரும்பாலும் சில வாரங்களில் தேறத் தொடங்கிவிடும். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக முகம் செயலிழந்துகொண்டே போனால் விஷயம் வேறு. தோலில் கிளம்பிய புற்றுநோய் ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளையின் அடிப்பகுதியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கலாம்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில மருத்துவர்களுக்கு இது பழகிப்போன கதை. அந்த நாட்டில் 70 வயதுக்குள் மூன்றில் இரண்டு பேருக்கு ஏதோ ஒரு வகைத் தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. வெள்ளைத் தோலும் வெப்பமண்டல வெயிலும் சேர்ந்தால் அப்படித்தான். அதனால் மற்ற ஊர்களில் அரிதாக வரும் நரம்பு ஊடுருவல் பிரிஸ்பேனில் ஒரு தனிச் சிறப்புத் துறையாகவே வளர்ந்துவிட்டது. அங்குள்ள பிரின்சஸ் அலெக்ஸாண்ட்ரா மருத்துவமனையின் மண்டை ஓட்டு அடிப்பகுதி அறுவை நிபுணர் பெனடிக்ட் பானிஸாவின் குழுவும், க்யூஐஎம்ஆர் பெர்க்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் சேர்ந்து, இந்தப் புற்றுநோய் நரம்பைத் தேடிப் போவதற்கு என்ன காரணம் என்று வருடக்கணக்கில் துருவிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாத் தோல் புற்றுநோயும் நரம்பில் ஏறுவதில்லை. மிக அதிகம் பேருக்கு வரும் பேசல் செல் புற்றுநோயில் இது நூற்றில் மூன்றுக்கும் குறைவு. அடுத்த இடத்தில் இருக்கும் ஸ்குவாமஸ் செல் புற்றுநோயில், மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறினாலும், நூற்றுக்கு 2.5 முதல் 14 வரை கணக்குச் சொல்கிறார்கள். நிறமிச் செல்லில் கிளம்பும் மெலனோமாவில் டெஸ்மோபிளாஸ்டிக் மெலனோமா என்ற அரிய வகை ஒன்று உண்டு. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நரம்பைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

மருத்துவர்கள் இதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, வெட்டி எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும்போதுதான் தெரிகிறது என்றால் அது தற்செயல் ஊடுருவல். பெரும்பாலானவை இந்த வகை. மரத்துப்போதல், ஊர்தல், வலி, முகம் கோணுதல் என்று அறிகுறி வந்துவிட்டாலோ, எம்ஆர்ஐ படத்தில் நரம்பு தடித்துத் தெரிந்தாலோ அது மருத்துவ ஊடுருவல். இரண்டாவது வகையில் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகவே குறைகிறது. முகத்தின் உணர்வைச் சுமக்கும் ட்ரைஜெமினல் நரம்பும், முகத் தசைகளை இயக்கும் ஏழாவது நரம்பும்தான் வழக்கமான பாதைகள். கன்னத்துக் கட்டி என்றால் கண்ணுக்குக் கீழே உள்ள எலும்புத் துளை வழியாக உள்ளே நுழைந்து, கண்குழியின் தரையை ஒட்டி ஓடி, மூளைக்கு அடியில் இருக்கும் நரம்பு முடிச்சு வரைக்கும் போய்விடும். இடையில் நிணநீர்க் கட்டி எதையும் தொடாது. அதனால் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு "பரவல் இல்லை" என்று சொல்வது இங்கே செல்லாது.

நரம்புக்குள் அது எப்படிப் போகிறது என்பதில் நீண்ட காலம் ஒரு தப்பான எண்ணம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் நரம்பை ஒட்டிய புற்றுநோயைப் பார்த்திருந்தார்கள். நரம்பு உறைக்குள் நிணநீர்க் குழாய்கள் இருக்கின்றன, அதன் வழியாகத்தான் பரவுகிறது என்று நம்பினார்கள். 1960களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது அப்படி எந்தக் குழாயும் அங்கே இல்லை என்று தெரிந்தது. உடனே அடுத்த எண்ணம் வந்தது. நரம்பு என்பது வீட்டுச் சுவருக்குள் போகும் ஒயரிங் பைப் மாதிரி. பைப்புக்கும் ஒயருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் புற்றுநோய் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான் என்றார்கள். கேட்க நன்றாக இருந்தாலும் இது பாதி உண்மைகூட இல்லை. நரம்பைச் சுற்றியுள்ள பெரிநியூரியம் என்ற உறை அடுக்கடுக்கான செல்களால் இறுக்கமாக நெய்யப்பட்டது. அதை உடைத்து உள்ளே போக வேலை செய்தாக வேண்டும். அந்த வேலைக்கான கருவிகளும், "இந்தப் பக்கம் வா" என்ற அழைப்பும் எங்கிருந்தோ வர வேண்டும். மூலக்கூறு அடையாளங்களைத் தேடும் வேட்டை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அதற்கு முன், இன்றைக்கு மருத்துவமனையில் உண்மையில் பயன்படும் அளவுகோல் என்ன என்று சொல்லிவிட வேண்டும். அது மூலக்கூறே இல்லை, ஒரு நீள அளவு: 0.1 மில்லிமீட்டர். 2009இல் வெளியான ஒரு ஆய்வில், ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் பிடித்த நரம்பின் குறுக்களவை அளந்து பார்த்தார்கள். 0.1 மில்லிமீட்டரை விட மெல்லிய நரம்புகள் மட்டும் பாதிக்கப்பட்டவர்களில் அந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை. அதற்கு மேல் தடித்த நரம்பு பாதிக்கப்பட்டவர்களில் 32 சதவீதம் பேர் இறந்தார்கள். ஐம்பதுக்கும் குறைவான நோயாளிகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான், ஆனாலும் எண் நிலைத்துவிட்டது. பாஸ்டனில் உருவான பிரிகம் நிலைவகைப்பாடும், அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக் குழுவின் எட்டாவது பதிப்பும் அதை ஏற்றுக்கொண்டன. எட்டாவது பதிப்பின்படி, 0.1 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள நரம்பு பிடிபட்டால், கட்டி சின்னதாக இருந்தாலும் நேராக டி3 நிலை, அதாவது நான்கில் மூன்றாவது படி. இத்தனை மரபணு ஆராய்ச்சிக்கு நடுவிலும் ஒரு ஸ்கேலை வைத்து அளப்பதுதான் ஜெயிக்கிறது என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

மூலக்கூறு அடையாளம் என்று பேசும்போது இரண்டு வேறு கேள்விகள் ஒன்றாகக் குழம்பிப் போகின்றன. ஊடுருவல் ஏற்கெனவே நடந்திருக்கிறதா என்று கண்ணுக்குக் காட்டும் சாயம் ஒன்று. இந்தக் கட்டி இனிமேல் நரம்பில் ஏறுமா என்று முன்கூட்டிச் சொல்லும் அடையாளம் இன்னொன்று. முதல் வேலை ஓரளவு நடக்கிறது. எஸ்100 என்ற புரதத்துக்குச் சாயம் ஏற்றினால், நரம்பிழைகளைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் ஸ்வான் செல்கள் பளிச்சென்று தெரியும். கூடவே மேல்தோல் செல்களில் இருக்கும் கெரட்டின் புரதத்துக்கு வேறு நிறத்தில் சாயம் ஏற்றினால் புற்றுநோய்ச் செல்கள் தெரியும். இரண்டு நிறமும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தைத் தேடினால் போதும். சாதாரணச் சாயத்தில் தவறிப்போன மெல்லிய நரம்புகள் பல இப்படிப் பிடிபடுகின்றன. மெலனோமாவில் மட்டும் இந்த வித்தை பலிக்காது. மெலனோமா செல்களும் எஸ்100 சாயத்தை ஏற்கும் என்பதால், எது நரம்பு, எது புற்றுநோய் என்று பிரிக்க முடியாது. அங்கே பெரிநியூரியம் உறையைக் காட்டும் வேறு சாயங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே ஒருமுறை வெட்டிய இடத்தில் நரம்பு தானே ஆறும்போதும் ஊடுருவல் மாதிரியே தோற்றம் காட்டும்; அனுபவமுள்ள நோய்க்குறியியல் மருத்துவரையே அது ஏமாற்றிவிடும்.

இரண்டாவது கேள்விதான் கடினம்.

முதலில் சந்தேகப்பட்டது நரம்பு வளர்ச்சிக் காரணியை. ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் 1986இல் நோபல் பரிசு வாங்கிய வரலாற்றில் இந்தப் புரதம் முக்கியமானது. அதைக் கண்டுபிடிக்க வழிகாட்டியதே புற்றுநோய்க் கட்டிதான்: கோழிக் கருவில் எலியின் சார்கோமா துண்டை வைத்தபோது, நரம்பு இழைகள் அந்தக் கட்டியை நோக்கிப் படையெடுத்து வளர்ந்தன. நரம்பும் கட்டியும் ஒன்றையொன்று இழுக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. இந்தக் காரணி வந்து ஒட்டிக்கொள்ளும், செல்லின் மேல் இருக்கும் இரண்டு ஏற்பிப் புரதங்கள் ட்ர்க்-ஏ, பி75. தலை, கழுத்துப் புற்றுநோய்கள் பலவற்றில், நரம்பில் ஏறிய கட்டிகளில் இவை கூடுதலாகத் தெரிகின்றன. டெஸ்மோபிளாஸ்டிக் மெலனோமாவிலும் பி75 நன்றாகவே சாயம் ஏற்கும். ஆனால் நரம்பில் ஏறாத கட்டிகளும் இவற்றைச் சுமக்கின்றன. கட்டியில் அது இருப்பதை வைத்து ஒரு நோயாளிக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது.

அடுத்தது ஜிடிஎன்எஃப் என்ற இன்னொரு நரம்பு வளர்ப்புக் காரணியும் அதன் கூட்டாளியான ரெட் ஏற்பியும். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் ரிச்சர்ட் வோங்கின் குழு 2010இல் கணையப் புற்றுநோயில் இதை விளக்கியது. நரம்பு ஜிடிஎன்எஃப்பைச் சுரக்கிறது. ரெட் வைத்திருக்கும் புற்றுநோய்ச் செல் அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு நரம்பை நோக்கி ஊர்கிறது. தோலில் இதற்கு ஒரு தொடர்பு இருக்கிறது: ரெட் மரபணுவில் ஜி691எஸ் என்ற பிறவி வேறுபாடு, மற்ற மெலனோமாக்களைவிட டெஸ்மோபிளாஸ்டிக் மெலனோமாவில் அதிகம் காணப்பட்டது. அதே மெலனோமாவில் என்எஃப்1 என்ற மரபணுவும் பெரும்பாலும் உடைந்திருக்கும். பிறவியிலேயே என்எஃப்1 பழுதானவர்களுக்கு உடம்பெங்கும் நரம்புக் கட்டிகள் முளைக்கும் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நிறமிச் செல்லும் ஸ்வான் செல்லும் கருவில் நியூரல் கிரெஸ்ட் என்ற ஒரே இடத்திலிருந்து வந்த உறவுக்காரர்கள். இந்த வகை மெலனோமா நரம்பின் மேல் படர்வதைப் பிறந்த வீட்டுப் பாசம் என்று சொன்னால் ஒரு சிரிப்புக்கு ஆகும். ஸ்குவாமஸ் செல்லுக்கு அந்த உறவும் இல்லை. அது மேல்தோலின் பிள்ளை. அப்படியும் அது நரம்பைத் தேடிப் போகிறது என்பதுதான் புதிர்.

இந்த இடத்தில் என்கேம் என்ற ஒட்டும் புரதத்தின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறை எங்கே வழி தவறியது என்பது அதில் தெரிகிறது. நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளப் பயன்படும் புரதம் இது. புற்றுநோய்ச் செல்லும் இதை அணிந்துகொண்டால் நரம்பில் ஒட்டலாமே என்ற ஊகம் இயல்பானது. வாய், தொண்டைப் புற்றுநோய்களில் சில ஆய்வுகள் இதை ஆதரித்தன. 2009இல் பிரிஸ்பேன் குழு தோலின் ஸ்குவாமஸ் செல் புற்றுநோயில் பார்த்தபோது, என்கேமுக்கும் நரம்பு ஊடுருவலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று வந்தது. "தொடர்பு இல்லை" என்பதை ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே போட்டார்கள். சரி, என்கேம் கதை முடிந்தது என்று எல்லோரும் நகர்ந்திருக்கலாம்.

ஏழு வருடம் கழித்து அதே புரதம் வேறொரு வாசல் வழியாக வந்தது. 2016இல் ஸ்லோன் கெட்டரிங்கின் சில்வி டெபோர்டும் வோங்கும் ஸ்வான் செல்களையும் புற்றுநோய்ச் செல்களையும் ஒன்றாக வளர்த்து, நகர்வதைப் படம் பிடித்தார்கள். கொத்தாக இருந்த புற்றுநோய்ச் செல்களுக்கு நடுவில் ஸ்வான் செல்கள் கையை நீட்டி நுழைந்து, அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, நரம்பை நோக்கி இழுத்துக்கொண்டு போயின. அதற்கு என்கேம் தேவைப்பட்டது. ஆனால் அது இருக்க வேண்டிய இடம் ஸ்வான் செல். அந்தப் புரதம் இல்லாத எலிகளில் நரம்பு ஊடுருவல் குறைந்தது. முன்பு எல்லோரும் புற்றுநோய்ச் செல்லில் தேடிக்கொண்டிருந்த பொருள் நரம்பின் கையில் இருந்திருக்கிறது. தோல் புற்றுநோயிலும் இதே நாடகம்தான் என்று இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் கட்டியை மட்டும் அரைத்துப் பார்த்தால் போதாது என்பதை இதற்குமேல் யாரும் மறுக்க முடியாது.

ஸ்வான் செல் இப்படி அடுத்தவருக்கு வேலை செய்யப் போவது புதிதல்ல. நம் ஊரில் மரத்துப்போன தேமல் என்றால் மருத்துவர் முதலில் நினைக்கும் தொழுநோயின் கிருமி குடியிருப்பதும் இதே செல்லில்தான். நரம்பு அறுந்தால் ஸ்வான் செல் தன் வழக்கமான வேலையை விட்டுவிட்டுப் பழுதுபார்க்கும் நிலைக்கு மாறும். இழை திரும்பி வளர வழி அமைத்துக் கொடுக்கும். புற்றுநோய் இந்தப் பழுதுபார்க்கும் குணத்தைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது என்பதே இன்றைய பெரும்பான்மைக் கருத்து.

குயின்ஸ்லாந்துக் குழு 2016இல் இன்னொரு கோணத்தில் போனது. ஊடுருவல் இல்லாத, தற்செயலாகத் தெரிந்த, அறிகுறியோடு வந்த மூன்று வகைக் கட்டிகளிலும் எந்தெந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று ஒட்டுமொத்தமாக ஒப்பிட்டார்கள். கை காட்டப்பட்டது பி53 பாதை; செல் புற்றுநோயாக மாறாமல் காவல் காக்கும் புரதம் பி53. அறிகுறியோடு வந்த கட்டிகளில் பி53 புரதம் செல்லெங்கும் மிகையாகப் பரவி நிற்பது அதிகமாக இருந்தது. ஒன்றில்கூட இயல்பான சாயம் இல்லை. பி53 மரபணுவின் பிழைகளை எண்ணிப் பார்த்தால் மட்டும், நரம்பில் ஏறியவற்றுக்கும் ஏறாதவற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மாறியிருந்தது அந்தப் புரதத்தை உடைத்தும் நிலைநிறுத்தியும் ஆளும் மற்ற மூலக்கூறுகள். வெயில் பட்ட தோலில் புற்றுநோய் வருவதற்கு முன்பே பி53 பிழைகள் நிறைந்திருக்கும் என்பதால், அந்தப் பிழையை மட்டும் அடையாளமாக வைப்பது எந்தக் காலத்திலும் பலித்திருக்காது.

2020இல் டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் மோரன் அமித்தின் குழு, வாய்ப் புற்றுநோயில் பி53 இழந்த செல்கள் என்ன செய்கின்றன என்று காட்டியது. அவை வெளியே அனுப்பும் நுண்பைகளில் மிர்-34ஏ என்ற சிறு ஆர்என்ஏ இருக்காது. அதனால் பக்கத்தில் இருக்கும் உணர்வு நரம்புகள் குணம் மாறி, அட்ரினலின் போன்ற சைகைகளை விடும் அட்ரினெர்ஜிக் வகை நரம்புகளாகி, கட்டியின் வளர்ச்சிக்குத் துணை போகின்றன. கட்டியின் மரபணுவில் நடந்த ஒரு தவறு, நரம்பின் அடையாளத்தையே மாற்றிவிடுகிறது.

அதே குழுவின் 2025 ஆய்வுதான் இதுவரை வந்ததிலேயே மருத்துவமனைக்கு மிக அருகில் நிற்கிறது என்பேன். இம்முறை எடுத்துக்கொண்டது தோலின் ஸ்குவாமஸ் செல் புற்றுநோயையே. நோயெதிர்ப்புச் செல்களின் பிரேக்கை விடுவிக்கும் பிடி-1 தடுப்பு மருந்துகள் இந்தப் புற்றுநோயில் நன்றாக வேலை செய்யும் என்பது தெரிந்ததுதான். அந்த வகை மருந்தான செமிப்ளிமாப் 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் நரம்பில் ஏறிய கட்டிகள் சில அந்த மருந்துக்கு மசிவதில்லை. காரணம் இது: புற்றுநோய் நரம்பிழையின் மயலின் உறையைச் சிதைக்கிறது. காயப்பட்ட நரம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஐஎல்-6, முதல் வகை இன்டர்ஃபெரான் ஆகிய அழற்சிச் சைகைகளை விடுகிறது. சில நாளில் ஓய வேண்டிய அழற்சி, காயம் தொடர்வதால் ஓயாமல் நீடிக்கிறது. கடைசியில் நோயெதிர்ப்புச் செல்கள் சோர்ந்து போகின்றன. எலிகளில் அந்த நரம்பை வெட்டியோ, ஐஎல்-6 சைகையை மறித்தோ, நரம்பின் காய உணர்வுக்குப் பொறுப்பான ஏடிஎஃப்3 என்ற மரபணுவை நீக்கியோ பார்த்தபோது, மருந்து மறுபடி வேலை செய்தது. ஐஎல்-6 பாதையை மறிக்கும் மருந்துகள் மூட்டுவாதத்துக்கு ஏற்கெனவே கடைகளில் இருக்கின்றன என்பதால் இந்த முடிவுக்குக் கனம் கூடுகிறது.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான்: தேட வேண்டிய அடையாளம் காயப்பட்ட நரம்பின் பக்கமும் இருக்கிறது. இருபது வருடமாகக் கட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஒற்றைச் சீட்டைத் தேடியதால்தான் ட்ர்க்-ஏ, பி75, என்கேம் எல்லாம் ஒரு ஆய்வில் ஆம் என்றும் அடுத்ததில் இல்லை என்றும் வந்தன. டெஸ்மோபிளாஸ்டிக் மெலனோமாவும் இதில் ஒரு எச்சரிக்கை. அது நரம்போடு இவ்வளவு ஒட்டி வாழ்ந்தும், 2018இல் வெளியான கணக்கில் 60 பேரில் 42 பேருக்குப் பிடி-1 தடுப்பு மருந்து பலன் தந்தது. நரம்பைத் தொட்டாலே மருந்து தோற்கும் என்று பொதுவிதி போட்டுவிட முடியாது.

சாதாரண நோயாளிக்கு இந்த அடையாளங்கள் இன்னும் எட்டாததற்குக் கொஞ்சம் அற்பமான காரணங்களும் உண்டு. தோல் மருத்துவர் முதலில் எடுக்கும் பயாப்ஸி பெரும்பாலும் மேலாகச் சீவி எடுத்த துண்டு. தடித்த நரம்புகள் ஓடும் ஆழத்துக்கு அது போவதே இல்லை. நரம்பே இல்லாத துண்டில் நரம்பின் சைகையை எப்படி அளப்பது? போதாததற்கு, எதை ஊடுருவல் என்று அழைப்பது என்பதிலேயே வரையறைகள் மாறுகின்றன. நரம்பின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கையாவது புற்றுநோய் சூழ்ந்திருக்க வேண்டும், அல்லது உறையின் ஏதாவது ஒரு அடுக்குக்குள் நுழைந்திருக்க வேண்டும் என்ற 2009ஆம் வருட வரையறையைப் பலரும் பின்பற்றுகிறார்கள், எல்லோரும் அல்ல. அமெரிக்காவில் 2020 முதல் ஸ்குவாமஸ் செல் புற்றுநோய்க்கு 40 மரபணுக்களைப் பார்க்கும் வணிகச் சோதனை ஒன்று விற்பனையில் இருக்கிறது. அது கணிப்பது வேறு இடங்களுக்குப் பரவும் ஆபத்தை. நரம்பில் ஏறுமா என்று அது சொல்வதில்லை.

நரம்பு வளர்ச்சிக் காரணியையே மறித்துவிடலாம் என்ற ஆசைக்கும் ஒரு அடி விழுந்திருக்கிறது. அதை மறிக்கும் டானெசுமாப் என்ற மருந்து மூட்டுத் தேய்மான வலிக்காக வருடக்கணக்கில் சோதிக்கப்பட்டது. சிலருக்கு மூட்டே வேகமாகச் சிதைந்ததால், 2021இல் அமெரிக்க ஆலோசனைக் குழு அதற்கு எதிராக வாக்களித்தது, நிறுவனங்கள் கைவிட்டன. ரெட் தடுப்பான்கள் 2020 முதல் நுரையீரல், தைராய்டு புற்றுநோய்களுக்குப் பயன்பாட்டில் உள்ளன. தோல் பக்கம் வரவில்லை.

2025இல் வெளியான சி-போஸ்ட் ஆய்வில், அறுவையும் கதிர்வீச்சும் முடிந்த 415 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, மீண்டும் வராமல் தடுக்கச் செமிப்ளிமாபும் மற்றவர்களுக்குப் போலி மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். போலி மருந்தோடு ஒப்பிட்டால், நோய் திரும்புவது அல்லது மரணம் என்ற ஆபத்து 68 சதவீதம் குறைந்தது. அந்த வருடம் அக்டோபரில் அமெரிக்க அனுமதியும் வந்தது. அதில் சேர்வதற்கான தகுதிகளில் நரம்பு ஊடுருவலும் ஒன்று. உடற்கூற்றியலில் தனிப் பெயர் உள்ள ஒரு நரம்பு பாதிக்கப்பட்டிருப்பது அறிகுறியிலோ ஸ்கேனிலோ தெரிய வேண்டும் என்பது நிபந்தனை. எந்த மூலக்கூறையும் யாரும் அளந்து பார்க்கச் சொல்லவில்லை. அதனால் இப்போதைக்கு, முகத்தில் ஸ்குவாமஸ் செல் கட்டியை எடுத்தவர்கள் தங்கள் பயாப்ஸி அறிக்கையில் நரம்பு பற்றிய வரி இருக்கிறதா, இருந்தால் நரம்பின் குறுக்களவும் எந்த ஆழத்தில் இருந்தது என்பதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்கலாம். அப்புறம் எத்தனை மாதம் கழித்து அந்தப் பக்கம் மரத்தாலும், பழைய கட்டியின் விவரத்தை நரம்பு மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும். எம்ஆர்ஐ எடுப்பவர் எந்த நரம்பைப் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பது அதிலிருந்துதான் முடிவாகிறது.